எபிடியூரல்: ஒரு சொல், ஓர் இடம்

களுவாஞ்சிகுடியில் இருக்கும் என் மச்சான் தென்னையால் விழுந்து ஆறு வருடம். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. போன கிழமை போயிருந்தபோது போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். நெதர்லாந்துக்காரர் ஒருவர் ஊன்றுகோல் பிடித்து எட்டு வைக்கிறார். அதில் திரும்பத் திரும்ப வந்த சொல் எபிடியூரல்.

"இது பிள்ளை பெறக்குள்ள முதுகில போடுற ஊசிதானே மச்சான்? அது விறைக்கப் பண்ணுறது. இது எப்படி நடக்க வைக்கும்?"

நியாயமான கேள்வி. எபிடியூரல் மருந்தின் பெயர் என்றே எல்லோரும் நினைக்கிறோம். அது ஓர் இடத்தின் பெயர்.

கிரேக்கத்தில் எபி என்றால் மேல். டியூரா என்பது டியூரா மாட்டர் என்ற லத்தீன் பெயரின் பாதி. முழுப் பொருள் 'வலிய தாய்'. மூளையையும், முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணையும் மூன்று சவ்வுகள் போர்த்தியிருக்கின்றன; வெளியே இருக்கும் தடித்த சவ்வுக்குத்தான் இந்தப் பெயர். சவ்வுக்கு ஏன் தாய்? 12ஆம் நூற்றாண்டில் அரபு மருத்துவ நூல்களை லத்தீனுக்குக் கொண்டுபோனவர்கள், அதில் இருந்த 'உம்ம்' என்ற சொல்லை அப்படியே தாய் என்று பெயர்த்தார்கள். காத்தான்குடியில் ஒரு பிள்ளை வாசலில் நின்று "உம்மா" என்று கூப்பிடுகிறதே, அதே சொல்.

நம் உயர்தர உயிரியலில் இது வன்றாயி. வன் + தாய், வன்றாய். உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு மென்றாயி. பிரித்துக் காட்டாமல் மனனம் பண்ண விடுவதால்தான் பிள்ளைகளுக்கு இவை கல்லாகத் தெரிகின்றன. முண்ணாணும் அப்படித்தான்: முள் + நாண், முள்ளந்தண்டுக்குள் ஓடும் நாண். இந்தியாவில் தண்டுவடம் என்பார்கள். வடம் என்றதும் எனக்குக் கொக்கட்டிச்சோலைத் தேர்தான் கண்ணில் வரும்; நாண்தான் அளவுக்குப் பொருத்தம், அது விரல் பருமன்தான்.

சரி, மச்சானின் கேள்விக்கு வருவோம். வன்றாய்க்கு வெளியே உள்ள இடைவெளியில் மருந்து விட்டால் நரம்புகள் விறைக்கும். அதே இடைவெளியில் மின்வாய்கள் பதித்த மெல்லிய பட்டையை வைத்து மின் துடிப்பு அனுப்பினால் நரம்புகள் விழிக்கும். முண்ணாண் அடிபட்ட பலருக்கு, காயத்துக்குக் கீழே காலை இயக்கும் நரம்புக் கலங்கள் உயிரோடுதான் இருக்கின்றன. மூளையின் கட்டளைதான் காயத்தைத் தாண்டி வருவதில்லை. உணர்நரம்புகளின் வேர் வழியே போகும் துடிப்பு அந்தக் கலங்களைத் தட்டி எழுப்புகிறது.

2006இல் கார் மோதி நெஞ்சுக்குக் கீழே அசைவிழந்த அமெரிக்கர் ராப் சம்மர்ஸ் இப்படி எழுந்து நின்றது 2011இல் வெளியானது. மச்சான் காட்டிய கெர்ட்-யான் ஓஸ்காம் 2011இல் சைக்கிள் விபத்தில் விழுந்தவர். 2023இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வுக் குழுவினர் அவருடைய மூளையின் மேல் வைத்த கருவிகளையும் முண்ணாணின் தூண்டியையும் கணினியால் இணைத்தார்கள். நடக்க நினைத்தால் துடிப்பு போகிறது. 2025இல் அதே குழு, காலை அசைத்துப் பயிற்சி கொடுக்கும் ரோபோவையும் தூண்டலோடு சேர்த்தது. ரோபோ மட்டும் என்றால் காலைத் தூக்கித் தூக்கி வைக்கும், தசை சும்மா கூடப் போகும். ஒவ்வொரு எட்டுக்கும் சரியான நேரத்தில் துடிப்பு கொடுத்தால் தசையே வேலை செய்கிறது.

தமிழில் என்ன சொல்வது? 'முதுகெலும்பு மின்தூண்டல்' என்று எழுதுவது பிழை. எலும்பை யாரும் தூண்டவில்லை. 'வன்றாய்மேல் மின்தூண்டல்' என்பேன். சத்திரசிகிச்சை இல்லாமல் தோலில் ஒட்டும் வகைக்கு 'தோல்மேல் மின்தூண்டல்'. கைகளுக்கான அப்படியொரு கருவிக்கு 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்தால், எதற்கு முதுகைத் திறக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது சொல்லிலேயே தெரியும்.

இதையெல்லாம் சொல்லி முடிக்க மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுகா, உயர்தரம் படிக்கும் மகளின் கொப்பியை வாங்கி, வன்றாயி என்று இருந்த இடத்தில் விரலை வைத்து, "இதுக்கு மேலயா?" என்றார். ஓம் என்றேன். இது இன்னும் ஆய்வுக் கூடங்களில் சிலருக்குத்தான் நடக்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.