எத்தனை ஸ்டார் என்பதற்கு முன்: எந்த வருட ஸ்விஃப்ட்?

அடிபட்ட வண்டிகளின் சேதத்தை மதிப்பிடும் மோட்டார் காப்பீட்டு சர்வேயர் வேலை பார்ப்பதால், தெரிந்தவர்கள் யார் கார் வாங்கினாலும் ஒரு கேள்வி என்னிடம் வந்துவிடுகிறது: "ஸ்விஃப்ட் எடுக்கலாமா? அதற்கு எத்தனை ஸ்டார்?" மிதித்தால் சீறிக்கொண்டு போகிறது, சந்துபொந்தில் வளைந்து கொடுக்கிறது, மைலேஜும் தருகிறது என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டுத்தான் கேட்பார்கள். எந்த வருட ஸ்விஃப்ட் என்று நான் திருப்பிக் கேட்டால், நழுவுவதாக நினைக்கிறார்கள். ஆனால் அதைத் தெரிந்துகொள்ளாமல் பதில் சொல்ல முடியாது.

2014 நவம்பரில், கார்களை மோதவிட்டுப் பார்த்து பாதுகாப்புக்கு ஐந்து வரை ஸ்டார் தரும் குளோபல் என்கேப் அமைப்பு, ஏர்பேக் இல்லாத இந்திய ஸ்விஃப்டின் மோதல் சோதனை முடிவை வெளியிட்டது. பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ஜியம், குழந்தைகள் பாதுகாப்பில் ஒரு ஸ்டார். 2018-இல் அடுத்த தலைமுறை வண்டி இரண்டு ஏர்பேக்குகளோடு போய் இரண்டு ஸ்டார் வாங்கியது. அதே தலைமுறை 2022 டிசம்பரில் மறுபடி சோதிக்கப்பட்டபோது ஒன்றுக்கு இறங்கியது. வண்டி கெட்டுப்போய்விடவில்லை, சோதனை விதிகள் மாறியிருந்தன. பக்கவாட்டு மோதல், வண்டி வழுக்காமல் பிடித்து நிறுத்தும் ஈ.எஸ்.சி., பாதசாரிகளின் பாதுகாப்பு எல்லாம் அந்த ஆண்டுதான் மதிப்பீட்டில் சேர்ந்தன. 2024-இல் வந்த புதிய தலைமுறைக்கு அந்த ஆண்டுச் சோதனைகளில் ஜப்பானில் நான்கு ஸ்டார், ஐரோப்பாவில் மூன்று, ஆஸ்திரேலியாவில் ஒன்றே ஒன்று. எல்லாவற்றுக்கும் பெயர் ஸ்விஃப்ட்தான்.

ஆகவே வாட்ஸ்அப்பில் வரும் ஸ்டார் படத்தைப் பார்த்ததும் அது எந்த நாட்டு வண்டி, எந்த ஆண்டுச் சோதனை, எந்த வேரியன்ட் என்று பாருங்கள். ஸ்விஃப்டின் செடான் வடிவமான புதிய டிசையர் 2024 நவம்பரில் குளோபல் என்கேப்பில் ஐந்து ஸ்டார் வாங்கியதும், "அதுவும் இதுவும் ஒன்றுதானே" என்று அதை ஸ்விஃப்டின் நெற்றியில் ஒட்டிப் பேசினவர்கள் உண்டு. இரண்டும் நெருங்கிய சொந்தம்தான். ஆனாலும் ரேட்டிங் என்பது சோதித்த வண்டிக்கு மட்டுமே சொந்தம்.

சோதனை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 64 கி.மீ. வேகத்தில், முகப்பின் அகலத்தில் 40 சதவீதம் மட்டும் படும்படி, நசுங்கக்கூடிய ஒரு தடுப்பின்மீது காரை மோதவிடுகிறார்கள். இருவழிச் சாலையில் பஸ்ஸை முந்தப் போய், எதிரே வரும் காரைப் பார்த்துக் கடைசி நொடியில் ஒடிக்கும்போது விழும் அடி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். சட்டப்படி இந்தியாவில் விற்கும் கார் 56 கி.மீ. சோதனையில் தேறினால் போதும். எட்டு கி.மீ. என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் மோதல் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 56-க்கும் 64-க்கும் இடையிலேயே சுமார் 30 சதவீதம் கூடிவிடும். நான்குவழிச் சாலையில் சர்வசாதாரணமாகப் போகும் 100 கி.மீ. வேகத்தில், 64-இல் இருப்பதைப்போல் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. ஐந்து ஸ்டார் வண்டி வைத்திருப்பவரும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

சோதனை அறிக்கையில் நான் முதலில் தேடுவது ஸ்டாரை அல்ல. கார்க்கூடு, அதாவது ஆட்கள் உட்காரும் பகுதியைச் சுற்றியுள்ள சட்டம், உறுதியாக நின்றதா, நிலைகுலைந்ததா என்று ஒரு வரி இருக்கும். அதைத்தான் தேடுவேன். 2014 ஜனவரியில் வெளிவந்த முடிவுகளில், ஏர்பேக் இல்லாத ஃபோக்ஸ்வேகன் போலோவுக்கும் பூஜ்ஜியம், ஆல்டோ 800-க்கும் பூஜ்ஜியம். ஆனால் போலோவின் கூடு நின்றது. இரண்டு ஏர்பேக் வைத்த போலோ உடனே நான்கு ஸ்டாருக்கு ஏறியது. கூடே நிற்காத வண்டியில் ஏர்பேக் வைத்தும் பெரிய பலன் இருக்காது. ஸ்டியரிங்கே நெஞ்சை நோக்கி வரும்போது, அதிலிருந்து விரியும் பை என்ன செய்யும்? ஸ்விஃப்டின் 2014, 2018, 2022 அறிக்கைகள் மூன்றிலும் கூடு நிலையற்றது என்றே இருக்கிறது. டிசையரின் 2024 அறிக்கையில்தான் உறுதியானது என்று வந்தது. என்னைக் கேட்டால், ஐந்து ஸ்டாரைவிடப் பெரிய செய்தி அந்த வரிதான்.

ஒர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து இறக்கிய வண்டியிலும் நான் இதையேதான் பார்ப்பேன். பானெட் சுருட்டிக்கொண்டு ரேடியேட்டர் எஞ்சின்மேல் ஏறியிருந்தால் உரிமையாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார். நான் முன்கதவின் கைப்பிடியை இழுத்துப் பார்ப்பேன். கதவு வழக்கம்போல் திறந்தால் கூடு நின்றிருக்கிறது, பெரும்பாலும் உள்ளே இருந்தவரும் தப்பியிருப்பார். கதவு மாட்டிக்கொண்டு, கண்ணாடியோரத் தூணும் கூரையும் சேரும் இடத்தில் தகடு மடிந்திருந்தால், அடுத்து டார்ச் அடித்து பெடல்களைப் பார்ப்பேன். பிரேக் பெடல் இருக்கையை நோக்கி நகர்ந்திருக்கும். ஓட்டியவரின் கணுக்கால் என்னவாயிற்று என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

ஷோரூமில் கதவை முஷ்டியால் தட்டிப் பார்த்து "தகடு மெல்லிசு" என்று சொல்லும் பழக்கத்தால் பயனில்லை. வெளித்தகடு உயிர் காக்கும் பகுதியே அல்ல. முகப்பு நசுங்குவதற்காகவே செய்யப்பட்டிருக்கிறது. தேங்காய்க்கு மட்டை எதற்கோ, அதற்குத்தான் அது. ஓடு, அதாவது தூண்களும் அடிச்சட்டமும் சேர்ந்த கூடு, எவ்வளவு வலுவான எஃகால் ஆனது என்பது தட்டினால் கேட்காது.

இனி சீட் பெல்ட். "போட்டிருந்தேன் சார்" என்று எல்லோரும் சொல்வார்கள். பெல்ட் வேறு சொல்லும். மோதலின்போது பெல்டைச் சட்டென்று இறுக்கும் பிரிடென்ஷனர் பல வண்டிகளில் ஏர்பேக்கோடு சேர்ந்து வெடிக்கும். வெடித்ததும் பெல்ட் அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். அணிந்திருந்தால் நீண்டபடி தொங்கும், வளையத்தில் உராய்ந்த இடத்தில் நாடா பளபளத்துப்போயிருக்கும். அணியாமல் இருந்தால் தூணோடு விறைத்து ஒட்டிக்கொண்டிருக்கும், இழுத்தாலும் வராது. முன்கண்ணாடியில் உள்பக்கத்திலிருந்து, தலை உயரத்தில், சிலந்திவலைபோல் விரிசல் விழுந்திருந்தால் அதற்கு மேல் விசாரணை தேவையில்லை.

பெல்ட் போடாமலே அலாரத்தை வாயடைக்கும் கிளிப்பை விற்கக் கூடாது என்று 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஆனாலும் அடிபட்டு வரும் வண்டிகளில் அதை இன்னும் பார்க்கிறேன். சோதனையில் உட்காரும் பொம்மைகள் பெல்ட் போட்டே உட்காருகின்றன. ஏர்பேக் விரியும் வேகமும் நேரமும் அதை நம்பித்தான் கணக்கிடப்படுகின்றன. பின் இருக்கைக்கும் இதே விதிதான். 2022 செப்டம்பரில் மகாராஷ்டிராவின் பால்கர் அருகே கார் விபத்தில் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது அவர் பின் இருக்கையில் பெல்ட் இல்லாமல் இருந்தார். அது விலை உயர்ந்த, பெரிய கார்.

குழந்தையை மடியில் வைத்து முன் இருக்கையில் உட்காருபவர்களிடம் சுருக்கமாகவே சொல்கிறேன்: மோதலில் குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்த எந்தப் பயில்வானாலும் முடியாது. பின் இருக்கையில், குழந்தை இருக்கையைக் காரோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கியில், அதற்கான இருக்கை. அவ்வளவுதான்.

இன்று வரும் புதிய ஸ்விஃப்டில் அடிமட்ட வேரியன்டிலேயே ஆறு ஏர்பேக்கும் ஈ.எஸ்.சி.யும் இருக்கின்றன. நல்ல மாற்றம். ஆனால் வாங்கிய வாரமே கடையில் போய் இருக்கைக்கு இறுக்கமான ரெக்சின் உறை தைத்துப் போடுகிறார்கள். பக்கவாட்டு ஏர்பேக் அந்த இருக்கையின் தோளோரத்திலிருந்துதான் கிழித்துக்கொண்டு வரவேண்டும். உறை போட்டே ஆகவேண்டுமென்றால் பக்கவாட்டு ஏர்பேக்குக்கு இடம் விட்டுத் தைத்ததைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய வண்டி வாங்குபவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். ஒரு சிறிய ஹேட்ச்பேக், பளபளவென்று, காப்பீடு புதுப்பிக்கும் முன் ஆய்வுக்கு வந்தது. டேஷ்போர்டில் பயணி பக்கம் மெல்லிய தையல் கோடு, மேலே பாலிஷ். பிரித்துப் பார்த்தால் ஏர்பேக் இருக்கவேண்டிய இடம் காலி. விளக்கு எரியாமல் இருக்க ஒயரில் ஒரு சிறு ரெசிஸ்டரைச் சொருகியிருந்தார்கள். இந்த ஏமாற்று வேலையில் சாவி திருப்பினால் ஏர்பேக் விளக்கு எரிந்து ஒழுங்காக அணையும், ஸ்கேன் கருவியும் ஏமாறும். எனவே முன் பெல்டை முழுக்க இழுத்து, அடியில் தைத்திருக்கும் லேபிளில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். வண்டி 2019, பெல்ட் 2022 என்றால் இடையில் ஏதோ நடந்திருக்கிறது. பானெட் கீலின் போல்ட்டுகளில் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்; உரிந்திருந்தால் பானெட்டைக் கழற்றியிருக்கக்கூடும்.

கடைசியாக, பழைய பாலிசியைக் கேட்டு வாங்கி என்.சி.பி., அதாவது கிளெய்ம் செய்யாத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ஒரே கையில் நான்கைந்து வருடம் ஓடி, விடாமல் காப்பீடு கட்டிய வண்டிக்கு அது பூஜ்ஜியம் என்றிருந்தால் அண்மையில் கிளெய்ம் போயிருக்க வாய்ப்பு அதிகம். எவ்வளவு, எதற்கு, பில்லில் ஏர்பேக்கும் பெல்டும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பில்லைக் காட்டத் தயங்குபவரிடமிருந்து நானாக இருந்தால் அந்த வண்டியை வாங்க மாட்டேன், எத்தனை ஸ்டார் என்று சொன்னாலும்.