தாத்தாவின் ஷெவெலை அட்டைப்பெட்டியில் கொண்டுவராதீர்கள்

பழைய கார்களைப் புதுப்பிக்கும் எங்கள் பட்டறையில் மறுபடியும் ஒரு 1970 ஷெவர்லே ஷெவெல், அந்தக் கால அமெரிக்கக் கார், டிரெய்லரில் வந்து இறங்கியிருக்கிறது. வண்டி என்று சொல்ல மனம் வரவில்லை. சக்கரம் மாட்டிய வெறும் கூடு. பின்னாலேயே ஒரு வேனில் 22 அட்டைப்பெட்டி, நாலு பெயிண்ட் வாளி நிறைய நட்டும் போல்ட்டும். வாளி மேல் மார்க்கரில் ‘போல்ட்’ என்று எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பது போல்ட்தான் என்று பார்த்தாலே தெரிகிறது. எந்த இடத்துப் போல்ட் என்பதுதானே கேள்வி? “நாங்களே பிரிச்சுட்டோம், உங்களுக்கு வேலை மிச்சம்” என்கிறார் பேரன், முகம் நிறையச் சிரிப்போடு.

மிச்சம் இல்லை. முழு வண்டியை ஒழுங்காகப் படம் எடுத்து, பையில் போட்டு, பெயர் எழுதிப் பிரிக்க ஒரு பட்டறைக்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். யாரோ பிரித்த வண்டியில், இது எந்தப் பக்கத்து பிராக்கெட், இந்த ஸ்க்ரூ டாஷ்போர்டுக்கா கதவுக்கா என்று தேடுவதிலேயே அதைவிட அதிக மணி நேரம் போகும். அந்த நேரத்துக்கும் பில் உங்களுக்குத்தான். பெட்டியில் இல்லாத பொருள் ‘தொலைந்தது’ என்றுகூடத் தெரியாது. மாட்டப்போகும் நாளில், எட்டு மாதம் கழித்துத்தான் தெரியும்.

பிரிப்பது என்றால் கழற்றுவது என்று நினைக்கிறார்கள். இந்தத் தொழிலில் எரிச்சல் மூட்டும் தப்பெண்ணங்களில் இதற்குத்தான் முதலிடம், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். பிரிக்கும்போதுதான் வண்டியைப் படிக்கிறோம். மட்கார்டைக் கழற்றினால் போல்ட்டுக்கு அடியில் யு வடிவத்தில் மெல்லிய தகடுகள் இருக்கும், ஷிம் என்போம். இடப்பக்கம் ஓர் இடத்தில் மூன்று, வலப்பக்கம் அதே இடத்தில் ஒன்று, இன்னோர் இடத்தில் ஒன்றுமே இல்லை. அசெம்ப்ளி லைனில் அந்த ஒரு வண்டிக்கென்று இடைவெளி பார்த்து வைத்த கணக்கு அது. எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. வீட்டில் கழற்றியவர் அந்தத் தகடுகளைக் கூட்டிப் பெருக்கி அதே வாளியில் போட்டிருப்பார். பானட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவே 4, 5 மில்லிமீட்டர் சந்து ஒரே சீராக வர, அப்புறம் ஆரம்பத்திலிருந்து தேடவேண்டியதுதான். கதவுக் கீல், பம்பர் பிராக்கெட், பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் மெத்தைகள், எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி, “துருப்பிடிச்சுப் போச்சு, புதுசு 200, 300 டாலர்தானே” என்று பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள். டேங்க்கின் மேல்தட்டுக்கும் டிக்கி அடிப்பாகத்துக்கும் நடுவே ஒட்டிக்கொண்டு ஒரு காகிதம் இருக்கலாம். பழுப்பேறி, ஓரம் எலி கடித்து, தொட்டால் உதிர்கிற மாதிரி. பில்ட் ஷீட். அந்த வண்டியில் எந்த இன்ஜின், எந்தக் கியர்பாக்ஸ், எந்த ஆக்ஸில் என்று லைனில் இருந்தவர்களுக்கு அச்சடித்துத் தந்த தாள். சில வண்டிகளில் சீட் ஸ்பிரிங்குக்குள் செருகியிருக்கும், சிலவற்றில் கார்பெட்டுக்கு அடியில். சீட்டை உரித்துக் குப்பையில் போட்டவரிடம் இனி என்ன கேட்பது?

ஒரு பழுப்புத் தாளுக்கு ஏன் இந்தப் புலம்பல்? 1970 ஷெவெலின் வின் எண், அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் கம்பெனி தரும் தனி அடையாள எண், அது எஸ்.எஸ். (சூப்பர் ஸ்போர்ட் என்ற வேக ரகம்) வண்டியா என்பதைச் சொல்லாது. 13637 என்று தொடங்கினால் எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின் போட்ட, மாலிபு என்ற ஷெவெல் ரகத்து ஹார்ட்டாப் என்று மட்டும்தான் அர்த்தம். எஸ்.எஸ். என்பது அந்த வருடம் ஒரு ஆப்ஷன் பொட்டலம். 450 குதிரைசக்தி எல்.எஸ்.6 இன்ஜினோடு வந்த அசலுக்கும், சாதாரண மாலிபுவில் பட்டைக்கோடு ஒட்டி எஸ்.எஸ். பேட்ஜ் குத்தியதற்கும் விலை பல மடங்கு வித்தியாசம். போன்டியாக் என்றால் அதற்கென்று உள்ள ஆவணச் சேவையில் எழுதிக் கேட்டு வாங்கலாம். அமெரிக்காவில் விற்ற ஷெவர்லேக்கு அப்படி ஒரு பதிவேடு கிடையாது. அந்தத் தாள்தான் ஜாதகம்.

இன்ஜினிலும் ஒரு ஜாதகம் உண்டு. முன்பக்கம், பயணி உட்காரும் பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்றுக் கீழே, பிளாக்கில் ஒரு சின்னத் திண்டு. அதில் இன்ஜின் குறியீடும், வின் எண்ணோடு ஒத்துப்போக வேண்டிய எண்ணும் குத்தியிருக்கும். லேத் பட்டறைக்குப் போய் “பிளாக் மேல்தளத்தைச் சமமாக்குங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒரே ஓட்டத்தில் அந்த எண் மொத்தமும் போய்விடும். அனுப்பும் முன் படம் எடுங்கள், “திண்டைத் தொடக்கூடாது” என்று வேலைச் சீட்டிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அப்படியே, டாஷ்போர்டின் இடது மூலையில் கண்ணாடி வழியாகத் தெரியும் வின் தகட்டைப் பெயிண்டுக்காக என்றுகூடக் கழற்றக் கூடாது. பூ வடிவத் தலை கொண்ட அந்த ரிவெட்டுகள் மாறியிருந்தாலே போலீஸ் சந்தேகப்படும். வின் தகட்டில் கை வைப்பது அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் வரை போகும் விவகாரம்.

சரி, துருவுக்கு வருவோம்.

பின்சக்கரத்துக்கு மேலே பெயிண்டில் ஒரு நாணயம் அளவு கொப்புளம். “அவ்வளவுதான் துரு, சுரண்டிட்டுக் கொஞ்சம் பட்டி வெச்சுடுங்க.” வெளியே கொப்புளம் வந்துவிட்டது என்றால் உள்ளிருந்து தகட்டைத் தின்று முடித்துத்தான் வெளியே வந்திருக்கிறது. ஷெவெலில் பார்க்கவேண்டிய இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்: பின்கண்ணாடியின் அடிவிளிம்பு, அதிலிருந்து தண்ணீர் சொட்டும் டிக்கித் தரை, முன்கண்ணாடிக்கு முன்னால் இலைச்சருகு சேரும் காற்றுத் தொட்டி, மட்கார்டின் கீழ்முனை, பின் ஆக்ஸிலுக்கு மேலே வளையும் சேசிஸ். வினைல் கூரை போட்ட வண்டியா, கூரையை உரிக்கும்வரை பேசவே வேண்டாம். சேசிஸைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். ‘டங்’ என்றால் நல்லது, ‘டப்’ என்றால் உள்ளே மண்ணும் துருவும்.

பட்டி கெட்ட வார்த்தை இல்லை. நல்ல தகட்டின் மேல் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் தடவி உரசித் தளம் பார்ப்பது முறையான வேலை. 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் வெடிக்கும், ஓட்டை மேல் வைத்தால் ஈரம் குடித்து ஊதும். பெயிண்ட் தடிமன் பார்க்கும் கருவி ஒன்று வாங்கி வண்டியைச் சுற்றி வாருங்கள். கம்பெனி பெயிண்ட் 100, 150 மைக்ரான் காட்டும். 1000க்கு மேல் போனால் அடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

பெயிண்டை உரிப்பதிலும் அவசரம் கூடாது. மணல் அடிப்பது சேசிஸுக்கும் சஸ்பென்ஷன் கைகளுக்கும் சரி. பானட், கூரை, கதவுத் தகடு மாதிரி அகலமான இடங்களில் மணலை வேகமாக அடித்தால் தகடு அப்பளம் மாதிரி நெளிந்துவிடும், அப்புறம் யாராலும் பழையபடி கொண்டுவர முடியாது. அங்கே பிளாஸ்டிக் துகளோ ரசாயனமோதான். வெறும் தகடு வெளியே தெரிந்தால் அன்றைக்கே துரு வராமல் காக்கும் எபாக்ஸி பிரைமர்.

ஷெவெல் ஹார்ட்டாப்புக்கு நடுத்தூண் கிடையாது. தரையை வெட்டும் முன், பாடியைச் சேசிஸிலிருந்து தூக்கும் முன், கதவு வாசலில் குறுக்குக் குழாய் வைத்து வெல்ட் அடித்துத் தாங்குகிறார்களா என்று கேளுங்கள். கேட்டதும் முழிக்கிற பட்டறையிலிருந்து வண்டியைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம். தாங்காமல் வெட்டினால் வாசல் சில மில்லிமீட்டர் சுருங்கிவிடும், கதவு பிறகு ஜென்மத்துக்கும் மூடாது. புதிதாக வாங்கும் தகடுகள் அப்படியே உட்காரும் என்றும் நம்பாதீர்கள். பெயிண்ட் அடிக்கும் முன்பே எல்லாவற்றையும் ஒருமுறை மாட்டி, சந்து பார்த்து, மறுபடி கழற்றுவதுதான் முறை. புது மட்கார்டு சரியாக உட்காரும்வரை பழையதைத் தூக்கிப் போடாதீர்கள், ப்ளீஸ். பல சமயம் பழையதன் கீழ்முனையை மட்டும் வெட்டி ஒட்டுவது புதியதைவிட நன்றாக வரும்.

இப்போது பணம். டிவியில் ஒரு மணி நேரத்தில் முடிவதைப் பார்த்துவிட்டு, “ஆறு மாசம், 30,000 டாலர் போதும்ல?” என்று வருகிறார்கள். கடைசித் திருகு வரை பிரித்துச் செய்யும் வேலைக்கு 1,000 மணி நேரம் தாண்டுவது சாதாரணம். மணிக்கு 100 டாலர் என்று வைத்தால் கூலி மட்டும் ஒரு லட்சம் டாலர். பாகங்கள், பம்பருக்குக் குரோம் முலாம், இன்ஜின் வேலை எல்லாம் தனி. துருவைப் பார்க்காமல் மொத்தமாக ஒரே விலை சொல்கிற பட்டறையைக் கண்டு சந்தோஷப்படாதீர்கள். அவர்கள் அந்த விலைக்குள் பட்டி வைப்பார்கள், இல்லை, பாதியில் நிறுத்துவார்கள். கட்டம் கட்டமாகப் பேசுங்கள்: பிரித்துப் பார்த்து அறிக்கை, தகடு வேலை, பெயிண்ட், மாட்டுவது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் படத்தோடு பில். முன்பணம் ஒரு மாத வேலைக்கு மேல் வேண்டாம். கலிஃபோர்னியாவில் எழுத்து மூலம் மதிப்பீடு கொடுத்துச் சம்மதம் வாங்கிய பிறகே வேலை தொடங்க வேண்டும் என்பது சட்டம். கழற்றிய பழைய பாகத்தை நீங்கள் முதலிலேயே கேட்டிருந்தால் திருப்பித் தரவேண்டும் என்பதும் உண்டு. உங்கள் மாநிலத்தில் இல்லாவிட்டாலும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். பணம் கட்டாமல் மாதக்கணக்கில் வண்டியை அங்கேயே விட்டால், இடவாடகை ஏறி, பட்டறைக்கு அந்த வண்டி மேலேயே உரிமை வந்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள்.

வீட்டுக்குள் தீர்க்கவேண்டியதை வீட்டிலேயே தீர்த்துவிட்டு வாருங்கள். தாத்தா பெயரில் இருக்கும் டைட்டிலை, அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தை, மாற்றாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவிடாதீர்கள். அத்தை, சித்தப்பா யாருக்குப் பங்கு என்பது லட்சம் டாலர் செலவழித்த பிறகு கேட்கிற கேள்வி இல்லை. பட்டறையோடு பேசுவது ஒரே ஆளாக இருக்கட்டும். திங்கட்கிழமை அப்பா போன் பண்ணி “கம்பெனி கலர்தான் வேணும்” என்கிறார். செவ்வாய்க்கிழமை மகன் “புது இன்ஜின் போட்டு 18 இன்ச் வீல் மாட்டலாமா” என்கிறார். இன்ஜின் அறைச் சுவரில் உள்ள டிரிம் தகட்டைப் பாருங்கள். 1970இல் பெயிண்ட் குறியீடு 75 என்றால் கிரான்பெரி சிவப்பு. அதை வைத்து உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்.

20 வருடம் நின்ற வண்டியை ‘ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்’ என்று சாவி திருப்புவதும் வேண்டாம். டேங்க்கில் கெட்டுப்போன பெட்ரோல், வெடித்த ஹோஸ், இறுகிப்போன பிரேக் சிலிண்டர். இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுத்துவிடும். ஹோஸ் எல்லாம் புதிது, அதில் பேச்சே இல்லை. டயர் தேயாமல் இருந்தாலும் பக்கச்சுவரில் தேதிக் குறியைப் பாருங்கள். கடைசி எண்கள் மூன்றே இலக்கம் என்றால் 2000க்கு முந்தியது, காட்சிக்கு மட்டும்.

இன்ஜின் கட்டி முடிந்ததும் முதல் 20 நிமிடம்தான் எல்லாம். வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டான கேம் பழைய பாணி ஃபிளாட் டாப்பெட் வகை என்றால், புது கேமுக்கு அதன் மேல் உரசி ஏறி இறங்கும் லிஃப்டர்களும் புதிதாக வேண்டும், கட்டாயம். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, டிரில்லால் ஆயில் பம்ப்பைச் சுற்றி, வால்வுகளை அழுத்தும் 16 ராக்கரிலும் ஆயில் வரும்வரை விடக்கூடாது. பிறகு ஸ்டார்ட் ஆனதும் 2,000லிருந்து 2,500 ஆர்.பி.எம்.மில் 20, 30 நிமிடம், ஐடிலில் விடவே கூடாது. சூப்பர்மார்க்கெட் ஆயில் வேண்டாம். இப்போது வரும் ஆயிலில் ஜிங்க் குறைவு, புது கேம் ஒரே நாளில் தேய்ந்து வழுக்கையாகிவிடும். இக்னிஷன் டைமிங் சரியில்லாமல் நாலு தடவை செல்ஃப் அடித்து அடித்து நிறுத்துவதும் கேமைக் கொல்லும். வீட்டில் எல்லோரும் போனைத் தூக்கி வீடியோ எடுக்கிற அந்த முதல் ஸ்டார்ட்டை, மெக்கானிக் தயார் என்று சொல்லும்வரை தள்ளிப்போடுங்கள்.

டெலிவரிக்கு முன்பே இன்ஷூரன்ஸை மாற்றுங்கள். சாதாரணப் பாலிசியில் 1970 கார் என்றால் தேய்மானம் கழித்து ஒரு தொகையை நீட்டுவார்கள். முன்பே ஒப்புக்கொண்ட மதிப்புக்குத் தரும் கிளாசிக் கார் பாலிசி எடுத்து, பட்டறை தந்த பில், படங்கள், கிடைத்திருந்தால் அந்தப் பில்ட் ஷீட், எல்லாவற்றின் நகலையும் கொடுங்கள். வண்டியோடு பழைய பாகப் பெட்டியையும் எண்ணி வாங்குங்கள். முதல் 500 மைல் ஓடியதும் ஆயில் மாற்றி, சக்கர நட்டு முதல் பாடி போல்ட் வரை ஒருமுறை இறுக்கிப் பார்க்கப் பட்டறைக்கு மறுபடி கொண்டுவாருங்கள். இந்த முறை டிரெய்லரில் அல்ல, ஓட்டிக்கொண்டு.