தாலிக்கொடியை எடை போட்ட வரி

2024 ஏப்ரல் கடைசி வாரம். தேர்தல் நேரம். கோவையில் என் ஆபீசுக்கு இருபது வருடமாக வந்துபோகும் ஓர் அம்மா போன் செய்தார். குரலில் பதற்றம். "ஆடிட்டர் தம்பி, தாலிக்கொடியக்கூட விடாம எடை போட்டுக் கணக்கு எழுதுவாங்களாமா? டிவியில அதையேதான் சொல்லிட்டிருக்காங்க. நெசமுங்களா?"

ஏப்ரல் 21 அன்று ராஜஸ்தானின் பான்ஸ்வாராவில் பிரதமர் மோடி, காங்கிரஸ் வந்தால் பெண்களின் நகையைக் கணக்கெடுத்துப் பிரித்துக் கொடுத்துவிடும், தாலியைக்கூட விடாது என்று பேசியிருந்தார். மூன்று நாள் கழித்து காங்கிரசின் அயலகப் பிரிவுத் தலைவர் சாம் பிட்ரோடா, அமெரிக்காவில் இருக்கும் மரபுரிமை வரி, அதாவது இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்துக்குப் போடும் வரி பற்றி விவாதிக்கலாம் என்றார். அது அவருடைய சொந்தக் கருத்து, எங்களுக்கு அப்படி ஒரு திட்டமே இல்லை என்று காங்கிரஸ் ஒதுங்கிக்கொண்டது. அந்த வாரம் முழுக்க எனக்கு வந்த போன்களில் பாதி இதைப் பற்றித்தான்.

நான் அந்த அம்மாவிடம் சொன்ன பதில் இதுதான்: "அம்மா, உங்க தாலிக்கொடியை நாம ஏற்கெனவே எடை போட்டிருக்கோம். மறந்துட்டீங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஆமா தம்பி... அந்த வரிங்களா இது?" என்றார்.

அந்த வரிதான். அதை நம் ஊரில் பெரும்பாலானவர்கள் மறந்துவிட்டார்கள். பேருமே குழப்பம். சொத்து வரி என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாநகராட்சிக்குக் கட்டுவது. நான் சொல்வது செல்வ வரி. ஒருவருக்கு இருக்கும் சொத்தின் மதிப்பிலிருந்து கடனைக் கழித்து, மிச்சத்தின்மீது வருடாவருடம் மத்திய அரசு வாங்கிய வரி. 1957ல் வந்தது, 2015 பட்ஜெட்டில் போனது. ஐம்பத்தெட்டு வருடம் நம்மோடு இருந்த ஒன்றை, ஏதோ வெளிநாட்டிலிருந்து புதிதாக வரப்போகிற பூதம் மாதிரி இன்று பேசுகிறார்கள்.

அந்த அம்மாவின் கதையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி இடத்தையும் தொகையையும் சற்று மாற்றியிருக்கிறேன். கணவர் ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர். குடியிருக்கும் வீடு ஒன்று. அப்பா சீதனமாகக் கொடுத்த பத்து சென்ட் காலி இடம், சரவணம்பட்டிப் பக்கம். அம்மாவும் மாமியாரும் கொடுத்த நகை நூறு பவுன். ஐடி கம்பெனிகள் வந்தபின் அந்தப் பத்து சென்ட்டின் விலை ஏறிவிட்டது. தங்கமும் ஏறிவிட்டது. 2013 மார்ச் 31 கணக்குப்படி இடம் 40 லட்சம், நகை சுமார் 22 லட்சம். குடியிருக்கும் வீட்டுக்கு விலக்கு உண்டு. மொத்தம் 62 லட்சத்தில் 30 லட்சம் வரை வரி இல்லை. மீதி 32 லட்சத்துக்கு ஒரு சதவீதம், 32,000 ரூபாய்.

நகைக்கு மதிப்பீட்டாளரின் சான்று வேண்டும். அவர் எலக்ட்ரானிக் தராசோடு வீட்டுக்கே வந்தார். சாப்பாட்டு மேஜையில் துண்டை விரித்து, காசுமாலை, அட்டிகை, கல்வளையல் என்று ஒவ்வொன்றாக வைத்து, கல் எடை, அரக்கு எடை கழித்து எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில் தாலிக்கொடி. அந்த அம்மா எழுந்து பூஜையறைக்குப் போய், ஒரு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கோத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு, அதற்கப்புறம்தான் கொடியைக் கழற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். ஒன்பது பவுன். எடை பார்த்து முடிக்கும்வரை தராசின் பக்கத்திலேயே நின்றார். எத்தனையோ வருடம் வரிக் கணக்கு பார்த்திருக்கிறேன். ஒரு சட்டம் வீட்டுக்குள் எவ்வளவு தூரம் வரும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அதே வருடம் இன்னொரு கோப்பு. ஒரு தொழில் குடும்பத்தின் தலைவர். குடும்பக் கம்பெனியில் அவர் பெயரில் இருந்த பங்குகள் மட்டும் 60 கோடி பெறும். குடியிருக்கும் பங்களாவுக்கு விலக்கு. தோட்டம் விவசாய நிலமாகப் பதிவாகி, தென்னை காய்த்துக்கொண்டிருந்தது, அதற்கும் வரி இல்லை. நகை மனைவி, அம்மா, மருமகள் என்று தனித்தனிப் பெயர்களில். மிஞ்சியது இரண்டு கார். அவர் கட்ட வேண்டிய செல்வ வரி பூஜ்யம். இதில் ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை. சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது.

60 கோடிக்குப் பூஜ்யம், 62 லட்சத்துக்கு 32,000. இது எப்படி நடந்தது என்று தெரியாமல் செல்வ வரி வேண்டும் என்று கோஷம் போடுவதிலும் பயனில்லை, ஐயோ வேண்டாம் என்று அலறுவதிலும் பயனில்லை.

1956ல் நிக்கலஸ் கால்டார் என்ற கேம்பிரிட்ஜ் பொருளியலாளரை அரசு வரவழைத்து வரி முறையை ஆராயச் சொன்னது. அவர் சொன்னது அருமையான யோசனை. வருமானம், மூலதன ஆதாயம், செல்வம், நன்கொடை, செலவு, இவை ஐந்துக்கும் வரி போடுங்கள். ஒன்றில் மறைத்தால் இன்னொன்றில் மாட்டிக்கொள்வார்கள். அதே சமயம் வருமான வரியின் உச்ச விகிதத்தை 45 சதவீதத்துக்குக் குறையுங்கள், அதற்குமேல் போனால் மக்கள் ஏய்க்கத்தான் பார்ப்பார்கள். நிதியமைச்சராக இருந்த நம்ம ஊர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1957ல் செல்வ வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார். புது வரிகள் வந்தன. உச்ச விகிதம் அந்த அளவுக்கு இறங்கவில்லை. மருந்தில் பாதியை மட்டும் குடித்த கதை.

எழுபதுகளின் தொடக்கத்தில் வருமான வரியின் உச்ச விகிதம் 97.75 சதவீதம். அதற்குமேல் செல்வ வரி வேறு. இரண்டையும் சேர்த்தால் வருமானத்தையே தாண்டிவிடும். பிறகு யார் உண்மைக் கணக்கு காட்டுவார்கள்? நான் ஆர்ட்டிகிள்ஷிப் என்ற ஆடிட்டர் பயிற்சி செய்தபோது என் சீனியர் பழைய கோப்புகளைக் காட்டிச் சொல்வார், பினாமிப் பெயர்களும் இரட்டைக் கணக்கும் அந்த வருடங்களில்தான் ஊறிப்போயின என்று. 1976 பட்ஜெட்டில் சி.சுப்பிரமணியம் செல்வ வரியின் உச்சத்தை 8 சதவீதத்திலிருந்து 2.5க்கு இறக்கினார். இறந்தவர் சொத்துக்கு 85 சதவீதம் வரை போன எஸ்டேட் வரியை 1985ல் வி.பி.சிங் எடுத்துவிட்டார். வருடத்துக்குச் சுமார் 20 கோடிதான் அதில் வந்துகொண்டிருந்தது.

திருப்பம் என்று நான் நினைப்பது அடுத்து நடந்ததை. ராஜா செல்லையா தலைமையிலான வரிச் சீர்திருத்தக் குழுவின் யோசனைப்படி, 1993 ஏப்ரல் முதல் பங்கு, கடன் பத்திரம், வங்கி டெபாசிட் எல்லாம் செல்வ வரியிலிருந்து வெளியேறின. பணம் தங்கத்திலும் காலி மனையிலும் முடங்காமல் தொழிலுக்குப் போகட்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் நடைமுறையில் என்ன ஆனது? கோடீஸ்வரர்களின் செல்வம் இருப்பதே பங்குகளில்தான். நடுத்தரக் குடும்பத்தின் சேமிப்பு இருப்பது நகையிலும் மனையிலும். பெரிய மீன் போகும்படி கண்ணை அகலமாக்கி, கெண்டைக் குஞ்சை மட்டும் பிடிக்கும் வலையாக அந்தச் சட்டம் ஆகிவிட்டது. 2013-14ல் நாடு முழுவதும் வசூலான செல்வ வரி 1,008 கோடி ரூபாய். வசூல் செலவு அதிகம், வரவு குறைவு என்று சொல்லி அருண் ஜேட்லி அதை நீக்கி, ஒரு கோடிக்குமேல் வருமானம் காட்டுபவர்களுக்கு 2 சதவீதம் கூடுதல் சர்சார்ஜ், அதாவது வரித்தொகையின்மீது ஒரு கூடுதல் வரி போட்டார். அந்த வரி போனதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் 'செல்வ வரி இந்தியாவில் தோற்றுப்போனது' என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடியாது. உண்மையான செல்வத்தை விட்டுவிட்டு மிச்சத்தில் தேடினார்கள். கிடைக்கவில்லை.

பிரான்சிலும் இதே கதை. 2018ல் அங்கே பழைய செல்வ வரியை எடுத்துவிட்டு, அசையாச் சொத்துக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். இப்போது கேப்ரியல் சூக்மன் என்ற பொருளியலாளரின் யோசனையை வைத்து அங்கே பெரிய சண்டை. 10 கோடி யூரோவுக்குமேல் சொத்துள்ளவர்கள் அந்தச் சொத்தில் குறைந்தது 2 சதவீதமாவது வருடம்தோறும் வரியாகக் கட்ட வேண்டும் என்பது யோசனை. 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தின் கீழவை நிறைவேற்றியது. ஜூனில் மேலவை நிராகரித்தது. அக்டோபரில் பட்ஜெட் விவாதத்தின்போது கீழவையும் வேண்டாம் என்றது. நார்வேயில் 2022ல் விகிதத்தை 1.1 சதவீதத்துக்கு உயர்த்தியதும் பல பணக்காரர்கள் சுவிட்சர்லாந்துக்குக் குடிபோனார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்த சுவிட்சர்லாந்திலும் செல்வ வரி உண்டு. அங்கே பங்கும் கணக்கில் வரும், விகிதம் மட்டும் குறைவு.

சரி, செல்வ வரி இல்லாவிட்டால் என்ன, வருமான வரிதான் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்காக என் மேஜையில் தினமும் நடப்பதைச் சொல்கிறேன். ஐடியில் வேலை பார்க்கும் ஒருவர் 30 சதவீத அடுக்கில் இருக்கிறார் என்றால், அந்த அடுக்கில் கூடுதலாகச் சம்பாதிக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் செஸ் என்ற கூடுதல் வரியையும் சேர்த்து 31 ரூபாய் 20 காசு போகிறது, அதுவும் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே. கம்பெனியைத் தொடங்கி நடத்தும் பெரிய புரமோட்டர் ஒருவர் பல வருடமாக வைத்திருந்த பங்குகளை விற்றால், எல்லா சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து அதிகபட்சம் 14.95 சதவீதம். அதுவும் விற்றால்தான். அவருக்கு விற்கவேண்டிய அவசியமே இல்லை. பங்கை அடமானம் வைத்துக் கடன் வாங்கினால் கடன் வருமானம் ஆகாது. கம்பெனியிலிருந்து சம்பளம் குறைவாக எடுத்துக்கொண்டால் அடுக்கும் இறங்கிவிடும். காலத்துக்குப் பிறகு பங்குகள் பிள்ளைகளுக்குப் போகும்போது வரி கிடையாது. அப்பா வாங்கிய பழைய விலைதான் மகனுக்கும் அடக்கவிலை என்று நம் சட்டம் சொல்கிறது. அதனால் மகன் விற்றால் அப்பா காலத்து லாபத்துக்கும் சேர்த்து வரி வரும். விற்காத குடும்பத்தில் அது எப்போதும் வராது.

2013 பட்ஜெட் உரையில் ப.சிதம்பரம் ஒரு எண்ணைச் சொன்னார். ஒரு கோடிக்குமேல் வருமானம் காட்டியவர்கள் நாடு முழுவதும் 42,800 பேர். கேட்டபோது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ஆச்சரியமே இல்லை. வருமானமாகக் காட்டுவதும் செல்வமாக வளர்வதும் வேறு வேறு என்று எங்களுக்குத் தெரியும். உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022-23ல் நாட்டின் வருமானத்தில் 22.6 சதவீதம் மேல்தட்டு ஒரு சதவீதத்தினரிடம். செல்வத்திலோ 40.1 சதவீதம்.

அதே ஆய்வகம் முன்வைத்த யோசனை, 10 கோடிக்குமேல் நிகரச் சொத்துள்ளவர்களுக்கு வருடம் 2 சதவீத வரி, அதே 10 கோடிக்குமேல் விட்டுச்செல்லும் சொத்துக்கு 33 சதவீத மரபுரிமை வரி. பெரியவர்களில் 10,000 பேருக்கு நான்கு பேரைத்தான் அது தொடும் என்பது அவர்கள் கணக்கு. நூறு பவுன் வைத்திருக்கும் பேராசிரியர் வீட்டு அம்மா அந்த நான்கு பேரில் இல்லை.

நான் இதை ஆதரிக்கிறேனா? பங்கையும் சேர்த்து, மிக உயர்ந்த வரம்போடு, குறைந்த விகிதத்தில் என்றால் ஆதரிக்கிறேன். ஆனால் கோவையில் உட்கார்ந்துகொண்டு ஒரு சங்கடத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நூற்பாலை நஷ்டத்தில் ஓடும், மில் நிற்கும் இடம் மட்டும் நூறு கோடி பெறும். அந்த உரிமையாளர் வருடம் சுமார் 2 கோடியை எங்கிருந்து கொண்டுவருவார்? தவணை, தள்ளிவைப்பு, நஷ்ட வருடத்துக்குச் சலுகை, இதையெல்லாம் சட்டத்திலேயே எழுதாமல் கொண்டுவந்தால் மில்லை விற்று மனை போடுவார்கள், இரண்டாயிரம் பேருக்கு வேலை போகும். துபாய் விசா வாங்கிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு வெளியேறும் வரி இல்லாவிட்டால் உள்ளூரில் இருக்கிறவன் மட்டும் கட்டுவான். இவற்றைப் பேசாமல் விகிதத்தை மட்டும் மேடையில் பேசுபவர்களை நம்பாதீர்கள். பட்டியலிடப்படாத பங்குக்கு மதிப்பு போடவே முடியாது என்பவர்களையும் நம்பாதீர்கள். வேறு காரணங்களுக்காக அந்த மதிப்பை வருமான வரி விதிகளின்படி நாங்கள் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறொரு சின்ன விஷயத்தில். செல்வ வரி போனபோது, சொத்து விவரம் வருமான வரி ரிட்டர்னில் வாங்கப்படும் என்றார்கள். 50 லட்சத்துக்குமேல் வருமானம் உள்ளவர்கள் சொத்தும் கடனும் எழுத ஓர் அட்டவணை வந்தது. 2025ல் அந்த வரம்பை ஒரு கோடியாக ஏற்றிவிட்டார்கள். அதிலும் எழுதவேண்டியது வாங்கிய விலை, இன்றைய மதிப்பு இல்லை. 1980ல் பத்து ரூபாய்க்கு வாங்கிய பங்கு இன்றும் பத்து ரூபாய்தான். யாரிடம் எவ்வளவு செல்வம் இருக்கிறது என்று அரசுக்கே தெரியாத நாட்டில், வரி போடலாமா வேண்டாமா என்று இரண்டு பக்கமும் சண்டை போடுகிறார்கள். முதலில் அந்த அட்டவணையில் சந்தை மதிப்பைக் கேளுங்கள். அதற்கு ஒரு பைசா வரியும் போட வேண்டாம்.

அந்த அம்மா போன் பேசிய மறுவாரம் ஆபீசுக்கே வந்துவிட்டார். ஒரு மஞ்சப்பையில் பழைய செல்வ வரி ரிட்டர்ன் நகல்கள், மதிப்பீட்டாளரின் சான்று. "இனிமே இதெல்லாம் எதுக்குங்க தம்பி, கிழிச்சுப் போட்டறலாமுங்களா?" என்றார். கிழிக்கவே கூடாது என்றேன். உங்களிடமும் இருந்தால் கிழிக்காதீர்கள். வருமான வரிச் சோதனையில் நகையைப் பறிமுதல் செய்வது பற்றி 1994 மே மாதம் நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட அறிவுறுத்தல் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. திருமணமான பெண்ணுக்கு 500 கிராம், ஆகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 வரை எடுக்க மாட்டார்கள். செல்வ வரி கட்டியவர்கள் என்றால் ரிட்டர்னில் காட்டிய எடைக்கு மேல் இருப்பதை மட்டுமே எடுக்கலாம். அந்த அம்மாவின் நூறு பவுன் 800 கிராம். அத்தனைக்கும் கல் எடை கழித்த கணக்கு அந்தத் தாளில் இருக்கிறது, தாலிக்கொடி ஒன்பது பவுன் உட்பட.

இரண்டு செட் ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னேன். ஒன்றை மகளிடம் கொடுத்துவிட்டு, அசலை வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வைக்கச் சொல்லி அனுப்பினேன்.