மும்மடியம்: ஆளி வளர்ப்பில் ஒரு சொல்

பூவன் பழம் ஒன்றைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். நடுவில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். விதையாகியிருக்க வேண்டியவை, ஆகாமல் நின்றுபோயின. பூவன், நேந்திரன் போன்ற வாழைகளின் செல்லில் குரோமோசோம்கள் வழக்கம்போல் இரண்டு தொகுதியாக இல்லாமல் மூன்று தொகுதியாக இருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இந்த நிலைக்குப் பெயர்தான் டிரிப்ளாய்டு. வாழைக்கு அது இயற்கையாக வந்தது. பண்ணையில் வளர்க்கும் ஆளிக்கு அதை மனிதர்கள் கொண்டுவந்தார்கள்.

ஆளி என்று நான் சொல்வது உணவாகும் சிப்பியை. சிப்பி என்று மட்டும் எழுதினால் முத்துச்சிப்பியும் அதில் வந்துவிடும்.

சொல்லின் பிறப்புக்கு வருவோம். ஜெர்மன் தாவரவியலாளர் எடுவார்ட் ஸ்ட்ராஸ்பர்கர் 1905-இல் ஹாப்ளாய்டு, டிப்ளாய்டு என்ற இரு சொற்களை உருவாக்கினார். கிரேக்கத்தில் ஹாப்ளூஸ் என்றால் ஒற்றை, டிப்ளூஸ் என்றால் இரட்டை. இவை இரண்டும் நிலைத்த பிறகு அதே அச்சில் டிரிப்ளாய்டு, டெட்ராப்ளாய்டு எல்லாம் வந்தன. அந்த ‘ப்ளூஸ்’ என்ற கூறின் வேர்ப்பொருள் மடிப்பு என்பார்கள்.

இங்கேதான் எனக்குத் தமிழ் மீது மகிழ்ச்சி பொங்குகிறது. நாமும் துணியை மடிக்கிறோம். அதே மடியை வைத்து இருமடி, மும்மடி என்று எண்ணிக்கையும் சொல்கிறோம். அதனால் மும்மடியம் என்ற சொல் டிரிப்ளாய்டின் மேல் அப்படியே பொருந்துகிறது. மும்மயம் என்றும் எழுதுகிறார்கள். ஆனால் ‘வீடே புகைமயம்’ என்னும்போது மயம் தருவது ‘நிறைந்தது’ என்ற பொருளைத்தான். தொகுதிக் கணக்கு அதில் வராது. என் தேர்வு மும்மடியம்.

சரி, ஆளிக்கு இது எதற்கு? சாதாரண ஆளி இருமடியம். பசிபிக் ஆளியை எடுத்துக்கொண்டால் பத்துப் பத்தாக இருபது குரோமோசோம்கள். கோடையில் அது தன் உடலில் சேர்த்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தை எல்லாம் முட்டைக்கும் விந்துக்கும் செலவழித்துவிடும். அந்த நாளில் ஓட்டைத் திறந்தால் சதை பால்போலக் குழகுழவென்று கத்தியில் ஒட்டும். முட்டையிட்டு முடித்ததென்றால் சதை மெலிந்து, கண்ணாடிபோலத் தெரியும். முப்பது குரோமோசோம் உள்ள மும்மடிய ஆளியில் இனப்பெருக்க உறுப்பு சரிவர வளராது. சதை கோடையிலும் கெட்டியாக இருக்கும், வளர்ச்சியும் விரைவு.

ஆளியின் முட்டை வெளியே வரும்போது, குரோமோசோம் தொகுதிகளைப் பாதியாக்கும் குன்றல் பிரிவு முடிந்திருக்காது. விந்து நுழைந்த பின்தான் மிச்சத் தொகுதிகளைத் துருவ உடல் என்ற சிறு பொட்டலமாக வெளியே தள்ளும். அந்தச் சில நிமிடங்களில் மருந்தோ அழுத்தமோ கொடுத்துத் தடுத்தால், தாயிடமிருந்து இரண்டு தொகுதி, தந்தையிடமிருந்து ஒன்று, ஆக மூன்று. ஸ்டாண்டிஷ் ஆலனும் உடனிருந்தவர்களும் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இதை ஆளியில் செய்து காட்டி 1981-இல் வெளியிட்டார்கள். தூத்துக்குடியிலும் நம் கரையின் மதராசென்சிஸ் ஆளியில் இதைச் செய்து, வளர்ச்சியை அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்த இனப்பெயரில் இருப்பது நம் மதராஸ்தான்.

இந்தச் சொல்லோடு இரண்டு தவறான புரிதல்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, வேற்று உயிரின் மரபணுவைச் செருகியது என்ற எண்ணம். இல்லை, ஆளியின் சொந்தத் தொகுதியே ஒன்று கூடுதலாக நிற்கிறது, அவ்வளவுதான். மற்றது, நோய் தாக்காத ஆளி என்ற எண்ணம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் டெர்மோ என்ற ஒட்டுண்ணி நோய் உண்டு. அது முற்றிக் கொல்வதற்குள் மும்மடிய ஆளி பெரும்பாலும் சந்தை அளவை எட்டிவிடும். ஆதாயம் அந்த வேகத்தில் இருக்கிறது. நோயைத் தாங்கும் குணம் வேண்டுமென்றால் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்ததைத் தேர்ந்தெடுத்துப் பெருக்க வேண்டும். 1957-இல் அதே கரையின் டெலவேர் விரிகுடா ஆளிகளை எம்எஸ்எக்ஸ் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய் வாரிக்கொண்டு போன பின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் அந்த வழியில்தான் இறங்கினார்கள். இரண்டும் வேறு வேறு வேலை. ஒரே ஆளியில் இரண்டையும் சேர்க்கவும் முடியும்.

‘மலட்டு ஆளி’ என்று மொழிபெயர்ப்பதையும் நான் ஏற்கமாட்டேன். மும்மடிய ஆளிகளில் சில, கொஞ்சமாவது முட்டை உண்டாக்கும். அப்படிக் கிடைத்த முட்டைகளைக் கொண்டுதான் ஷிமிங் குவோவும் ஆலனும் 1994-இல் நான்கு தொகுதி கொண்ட ஆளிகளை உருவாக்கினார்கள். அப்புறம் மருந்துக்கே வேலையில்லை. நான்மடிய ஆணின் விந்தில் இரண்டு தொகுதி, இருமடியப் பெண்ணின் முட்டையில் ஒன்று. பிறக்கும் குஞ்செல்லாம் மும்மடியம்.