மார்ச் 31-க்குள் வாங்கிய முகமூடிகள்

ஊராட்சி அலுவலகத்து பீரோவைத் திறக்கவே அரை மணி நேரம் ஆனது. சாவி செயலரிடம், அவர் பி.டி.ஓ. ஆபீசுக்குப் போயிருந்தார். உள்ளே விஷவாயுவிலிருந்து காக்கும் முகமூடிகள் நாற்பது, பாலித்தீன் உறைகூடப் பிரிக்காமல். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். வடிகட்டியில் பழுப்புப் பட்டை. அது பெயிண்ட், தின்னர் மாதிரி கரைப்பான்களின் ஆவிக்கு. அந்த ஊருக்குப் பக்கத்து ஆலையில் இருப்பதோ அமோனியா. அதற்குப் பச்சைப் பட்டை வேண்டும்.

வாங்கிக் கொடுத்த தொண்டு நிறுவனத்தைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கதை எப்படி நடக்கும் என்று தெரியும். பிப்ரவரி கடைசியில், சமூகப் பணிக்கான நிதியை (சி.எஸ்.ஆர்.) வைத்திருக்கும் கம்பெனியிலிருந்து போன் வரும்: "சி.எஸ்.ஆர். பணம் கொஞ்சம் மிச்சம் இருக்கு, மார்ச் 31-க்குள்ள பில் வேணும்." அந்த அவசரத்தில் கடையில் பில் போட்டுத் தருகிற பொருளைத்தான் யாரும் வாங்குவார்கள். வரிசையாக அடுக்கி வைத்தால் போட்டோவும் நன்றாக இருக்கும்.

தொழிற்சாலைப் பாதுகாப்பில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது சிறிய தொண்டு நிறுவனங்களுக்குத் திட்ட அறிக்கை எழுத உதவுகிறேன். ரசாயன விபத்துக்கு ஊரைத் தயார்ப்படுத்தப் பணம் கேட்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

முதலில், பணம் எங்கிருந்து வரும் என்று பார்ப்போம். அமெரிக்காவில் அபாயகரமான சரக்கை அனுப்புகிற, ஏற்றிச் செல்கிற கம்பெனிகள் ஆண்டுதோறும் பதிவுக் கட்டணம் கட்டுகின்றன. அந்தப் பணம் மானியமாக மாறி உள்ளூர்த் திட்டமிடலுக்கும் தீயணைப்பு வீரர் பயிற்சிக்கும் போகிறது. பயிற்சி தரும் லாப நோக்கற்ற அமைப்புகளுக்கும் தனி மானியங்கள் உண்டு. நம்மிடம் 1991-ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் ஒரு நிவாரண நிதி இருக்கிறது. அதுவும் ஆலைக்காரர்கள் கட்டும் பணம்தான். ஆனால் விபத்து நடந்த பிறகுதான் அதன் கதவு திறக்கும்.

ஆக, விபத்துக்கு முந்தைய வேலைக்கு நடைமுறையில் கைக்கு எட்டுவது சி.எஸ்.ஆர்.தான். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவில் வருகிற கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதம் செலவிட வேண்டும். எந்தெந்த வேலைக்குச் செலவிடலாம் என்று சொல்லும் அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பேரிடர் மேலாண்மை இருக்கிறது. உங்கள் அமைப்புக்கு மூன்று வருட அனுபவமும் சி.எஸ்.ஆர்.-1 என்ற படிவத்தில் அரசிடம் செய்த பதிவும் வேண்டும். இதெல்லாம் ஆடிட்டரே சொல்லிவிடுவார்.

அவர் பெரும்பாலும் சொல்லாதது இன்னொன்று. வேறு சட்டப்படி கம்பெனி எப்படியும் செய்தே ஆகவேண்டிய வேலையை சி.எஸ்.ஆர். கணக்கில் எழுத முடியாது. ஆலையில் பெரிய விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய அக்கம்பக்கத்து மக்களுக்கு, என்ன ஆபத்து, என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது, 1989-ஆம் ஆண்டு அபாயகரமான ரசாயன விதிகளின்படி அந்த ஆலையின் கடமை. அதையே திட்டமாக எழுதி அதே ஆலையிடம் கொண்டுபோய் நீட்டினால், விவரம் தெரிந்த அதிகாரி திருப்பி அனுப்பிவிடுவார். நானே ஒருமுறை அப்படி வாங்கிக் கட்டிக்கொண்டேன். துண்டறிக்கையையும் விளக்கக் கூட்டத்தையும் ஆலையின் சொந்தச் செலவில் செய்யச் சொல்லுங்கள். சட்டம் சொல்லாத, ஆனால் ஊருக்குத் தேவையான வேலைக்கு சி.எஸ்.ஆர். கேளுங்கள்.

சி.எஸ்.ஆர். விதியில் உள்ள 5 சதவீத நிர்வாகச் செலவு வரம்பைப் பார்த்துப் பயந்து, தொண்டு நிறுவனங்கள் களப்பணியாளர் சம்பளத்தையே வெட்டிவிடுகின்றன. அந்த வரம்பு கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்தும் பொதுச் செலவுக்கு. திட்டத்தை நேரடியாக நடத்தும் செலவு அதில் சேராது. தைரியமாக எழுதுங்கள்.

பைசா செலவில்லாத வழியும் இருக்கிறது. 1996-ஆம் ஆண்டு ரசாயன விபத்து விதிகளின்படி அமைய வேண்டிய உள்ளூர் நெருக்கடிக் குழுவில் தொண்டு நிறுவனப் பிரதிநிதி ஒருவருக்கு இடம் உண்டு. உங்கள் பகுதியில் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

சரி, எதற்குத்தான் பணம் கேட்பது? அந்த முகமூடி ஊரிலேயே ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு மாக் டிரில் (விபத்து ஒத்திகை) நடந்தது. ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள், வாயு பரவும் திசையிலேயே ஓடாமல் காற்றுக்குக் குறுக்கே போங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா எழுந்தார். "சார், எங்க மாமியார் படுத்த படுக்கை. வீட்டுக்காரர் ராத்திரி கடலுக்குப் போயிருப்பாரு. அப்போ வாயு வந்தா அவங்கள யாரு தூக்குறது?"

என்னிடம் பதில் இல்லை. 2023 டிசம்பர் 26 அன்று சென்னை எண்ணூரில் ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்ததும் நள்ளிரவை ஒட்டித்தான். பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து, மூச்சு முட்ட வெளியே ஓடினார்கள்.

அடுத்த திட்ட அறிக்கையை அந்த அக்காவின் கேள்வியிலிருந்து எழுதினோம். நடக்க முடியாதவர்கள் இருக்கும் வீடுகளின் பட்டியல். ஒவ்வொரு தெருவுக்கும் ராத்திரி போனை எடுக்கிற ஒரு ஆட்டோக்காரர். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்ட, கோயில் பக்கத்துக் கம்பத்தில் விண்ட் சாக் என்கிற துணிக் குழல். பட்டியலை மாதாமாதம் சரிபார்க்க ஊர்ப் பெண் ஒருவருக்குச் சம்பளம், மூன்று வருடத்துக்கு. கம்பெனியில் முதலில் கேட்டது, "இதுல போட்டோ எங்க சார் வரும்?" ஏப்ரலில் போனதால் உட்கார்ந்து பேச அவர்களுக்கும் நேரம் இருந்தது, ஒப்புக்கொண்டார்கள்.

முதல் மாதம் இரவு பத்து மணிக்கு ஏழு ஆட்டோக்காரர்களுக்கும் போன் அடித்துப் பார்த்தோம். மூன்று பேர் எடுத்தார்கள். மீதி நான்கு எண்களை மாற்றும் வேலை இப்போது நடக்கிறது.