நுரையீரலில் கோக்கும் நீர்: எவ்வளவு, எதனால்?

நுரையீரலின் காற்றறைக்கும் அதை ஒட்டி ஓடும் ரத்த நுண்குழாய்க்கும் இடையிலுள்ள சுவர், மெல்லிய இடங்களில் ஒரு மைக்ரோமீட்டர் தடிமன்கூட இருக்காது. அதன் வழியே எப்போதும் கொஞ்சம் நீர் கசியும், நிணநீர்க் குழாய்கள் அதை வடித்துவிடும். வடிப்பதைவிடக் கசிவு மிஞ்சினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு மூச்சு திணறும்.

இதற்குக் காரணம் இரண்டு. இதயத்தின் இடப்பக்கம் தளர்ந்து, குழாயில் அழுத்தம் ஏறியிருக்கலாம். இல்லையென்றால், கடும் தொற்று போன்றவற்றால் சுவரே பழுதாகியிருக்கலாம். மருத்துவம் இரண்டுக்கும் வேறு வேறு என்பதால், ஆய்வகத்திலும் இரண்டையும் பிரித்தறிந்தே ஆக வேண்டும்.

நீரின் அளவை அறிய எளிய வழி எடை. எலியின் நுரையீரலை எடுத்தவுடன் நிறுத்து, அடுப்பில் எடை இனிக் குறையாது என்னும்வரை உலர்த்தி, மறுபடி நிறுக்கிறார்கள். ஈர எடையை உலர் எடையால் வகுத்தால், நலமான சுண்டெலியில் பெரும்பாலும் 4க்கும் 5க்கும் இடையில் வரும். நீர் கோத்திருந்தால் கூடும். ஆனால் அந்த நீர் ஏன் வந்தது என்பதை இந்த எண் சொல்லாது.

சுவர் பழுதானதா என்று பார்க்க உதவுவது ஈவான்ஸ் நீலம் என்னும் சாயம். ரத்தநாளத்தில் ஏற்றியதும் அது ரத்தத்திலுள்ள ஆல்புமின் புரதத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். சுவர் நன்றாக இருந்தால் ஆல்புமின் பெரும்பாலும் குழாய்க்குள்ளேயே நிற்கும், சாயமும் அப்படியே. சிறிது நேரம் கழித்து, ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கும் விலங்கின் வலது இதயக்கீழறை வழியே உப்புநீரைச் செலுத்தி, நுரையீரல் வெளிறும்வரை ரத்தத்தைக் கழுவுகிறார்கள். இந்தப் படியில் அவசரப்பட்டால் அளவீடே வீண். குழாய்க்குள் தங்கிய சாயமும் கசிவாகக் கணக்கில் ஏறிவிடும். அப்புறம் திசுவை ஃபார்மமைடு என்னும் கரைப்பானில் 60 டிகிரி செல்சியஸில் ஊறவைத்துச் சாயத்தைப் பிரித்து, 620 நானோமீட்டர் ஒளியை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளப்பார்கள். கழுவியும் போகாத ஹீமோகுளோபினும் அங்கே கொஞ்சம் உறிஞ்சும். அதைக் கழிக்க 740 நானோமீட்டரிலும் ஒரு முறை அளப்பார்கள்.

சரி, புரதத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? நீரைக் குழாய்க்குள் இழுத்துப் பிடிப்பதே அதுதான். 1959இல் கைட்டன், லிண்ட்சே என்னும் ஆய்வாளர்கள் நாய்களில் இதைக் காட்டினார்கள். இடது இதய மேலறை அழுத்தம் சுமார் 24 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டிய பிறகே நீர் கோத்தது. ரத்தப் புரதத்தைப் பாதியளவுக்குக் குறைத்தபோது, 11 தாண்டியதுமே கோத்துவிட்டது.

அதனால் எடையை மட்டும் காட்டி ‘குழாய்ச்சுவர் பழுதாகிவிட்டது’ என்று முடிவுகட்டும் ஆய்வை நான் நம்ப மாட்டேன். ஒரே விலங்கின் ஒரு பக்க நுரையீரலை எடைக்கும் மறுபக்கத்தைச் சாயத்துக்கும் ஒதுக்கலாம். அப்படிச் செய்தால் இரண்டு விடையும் கிடைக்கும், பலியாகும் உயிர்களும் குறையும்.