திரை விலகும் கணம்: அரசவை இயங்கிய விதம்

1762ஆம் ஆண்டில், சென்னையில் இருந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் தூதராக ஜோன் பைபஸ் என்பவர் திருகோணமலைக் கரையில் இறங்கிக் கண்டிக்குச் சென்று, கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்க மன்னனின் அவையைக் கண்டார். கம்பனியின் கடிதம் இருந்த வெள்ளித் தட்டை அவர் தலைமேல் ஏந்த வேண்டியிருந்தது. திரைகள் விலகி அரசன் தென்பட்டதும் பிரதானிகள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தனர், தூதர் முழந்தாளிட்டார். மன்னனின் கேள்வி ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்கு மாறியே அவரை எட்டியது. மறுமொழியும் அவ்வழியே திரும்பிப் போனது.

செய்தியைச் சேர்ப்பதற்கு இதைவிட மெதுவான வழி இல்லை. ஆனால் அரசவை கூடியது அதற்காக அன்று.

அரசன் பெரியவன் என்று ஆயிரம் பேர் தனித்தனியே எண்ணியிருந்தாலும் அவன் ஆணை நிலைக்காது. மற்றவர்கள் பணிவார்களோ மாட்டார்களோ என்ற ஐயம் ஒவ்வொருவர் மனத்திலும் இருந்துகொண்டே இருக்கும். தான் பணிவதைப் பிறர் காண, பிறர் பணிவதைத் தான் காண, அவ்வாறு கண்டார்கள் என்பதும் அனைவருக்கும் தெரிந்திருக்கும்போதுதான் அந்த ஐயம் நீங்குகிறது. பிறர் என்ன செய்வார் என்று கணித்து ஒவ்வொருவரும் முடிவெடுக்கும் விதத்தை விளக்கும் ஆட்டக் கோட்பாட்டை ஆராய்வோர் இதனைத் தனித்தனி அறிவிலிருந்து பிரித்து, ஒரு குழுவின் கூட்டறிவாகக் கொள்வர். இரகசியமாக எழுதிய ஓலையால் இவ்வறிவை உண்டாக்க முடியாது. அதற்கு ஓர் இடமும் ஒரு நேரமும் பல கண்களும் வேண்டும்.

தமிழில் ஓலக்கம் எனப்பட்ட கொலுவிருக்கையின் உறுப்புகள் யாவும் இந்த வேலையையே செய்தன. உயர்ந்த ஆசனமும் வெண்கொற்றக்குடையும் வீசும் சாமரமும் எல்லாப் பார்வைகளையும் ஒரே புள்ளிக்கு இழுத்தன; சங்கும் முரசும் தனிப்பேச்சை அமுக்கி, அனைவரையும் ஒரே கணத்துக்குள் கொண்டுவந்தன. அரசனுக்கும் அவையோருக்கும் இடையே இருந்த தூரம், எவர் எத்தகுதியர் என்பதை அளந்து காட்டியது. திரையைத்தான் நான் இவற்றுள் மிக நுட்பமானதாகக் கருதுகிறேன்: காத்திருக்க வைத்துக் கவனத்தைத் திரட்டி, விலகும் கணத்தில் அதைக் கூட்டம் முழுவதற்கும் பொதுவாக்கிவிடுகிறது.

திருகோணமலையில் இதை விளங்கிக்கொள்ள ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை. கோ என்றால் அரசன், கோயில் என்றால் அவன் இல்லம். கோணேசர் ஆலயத்தில் அலங்காரம் முடிந்து திரை விலகித் தீபம் எழும்போது, மணியும் மேளமும் சேர்ந்து முழங்க, எல்லாக் கைகளும் ஒருசேரக் குவிகின்றன. குடை, சாமரம், ஆலவட்டம் என இறைவனுக்குச் செய்யும் உபசாரங்களும் அரசனுக்குரியவையே. யார் யார் எந்தத் தொண்டைச் செய்ய வேண்டும் என்று கோணேசர் கல்வெட்டு என்னும் பழைய நூல் வகுத்துச் சொல்வதும், பேரரசரின் அவையில் பணிகளைப் பங்கிடும் முறையை ஒத்திருக்கிறது.

கிழக்கிலங்கைக் கோயில்களில் மரியாதையாக வழங்கும் காளாஞ்சித் தட்டைப் பெறும் வரிசை குறித்து எழும் மனத்தாங்கலைச் சிலர் வெறும் பெருமைச் சண்டை என்று ஒதுக்குகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. தட்டில் இருப்பது வெற்றிலையும் பாக்கும் பழமுமாக இருக்கலாம். ஆனால் முதலில் பெறுபவரை ஊரே பார்த்து நிற்கிறது, ஊர் பார்க்கிறது என்பது அவருக்கும் தெரியும். அடுத்த திருவிழா வரை அந்த வரிசை எவரும் எழுதி வைக்காமலே ஊரின் நினைவில் நிற்கும்.

கோணேசர் மலையிலிருந்து இறங்கி நகர்வலம் வரும்போது அரசவை வாசலுக்கே வருகிறது. வீடுகளின் முன் நிறைகுடம் வைத்துக் காத்திருப்போர், சுவாமியைக் காண்பதோடு எதிர்வீட்டார் கைகூப்புவதையும் காண்கின்றனர்.